கடையைப் பூட்டிவிட்டு கோர்ட்டுக்கு!
ஜூரி வேலைக்கு அழைப்பு வந்தால் சொந்தத் தொழில் செய்பவர் என்ன செய்வார்?

இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு.

ஒரு நாள் காலையில் தபாலில் ஒரு கடிதம் வரும். பிரித்துப் பார்த்தால் கோர்ட்டு சம்மன்!

கடிதத்தைப் பெற்றவர் எந்தத் தப்பும் செய்தவர் அல்ல. யாருக்கும் கடன் பாக்கி இல்லை. எந்த வழக்கிலும் சாட்சியும் இல்லை. ஆனாலும், "இன்ன தேதியில் இன்ன கோர்ட்டுக்கு வர வேண்டும், சுமார் 2 வார காலம் வந்து போக வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும்.

எதற்காக? குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் குற்றவாளியா, நிரபராதியா என்று முடிவு சொல்வதற்காக!

அதுதான் ஜூரி வேலை.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், கடிதத்தை முதலாளியிடம் காட்டுவார். ஜூரி வேலைக்குப் போக முதலாளி அனுமதிக்கத்தான் வேண்டும். போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. அப்படிச் சட்டம் இருக்கிறது.

ஆனால், தானே முதலாளி, தானே தொழிலாளி என்று இருப்பவர் யாரிடம் காட்டுவார்? சலூன் வைத்திருப்பவர், டாக்சி ஓட்டுகிறவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், தெருமுனையில் மளிகைக் கடை நடத்துகிறவர் - இவர்கள் ஒரு நாள் வராவிட்டால், அன்று கல்லாவில் காசு விழாது!

இவர்களும் போகத்தான் வேண்டுமா? போனால் பிழைப்பு என்ன ஆகும்?

ஜூரி என்றால் என்ன?

இங்கிலாந்திலும் வேல்சிலும் கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்ற வழக்குகளை "கிரவுன் கோர்ட்டு" விசாரிக்கிறது. அங்கே நீதிபதி உண்டு. வக்கீல்கள் உண்டு. அவர்களோடு சாதாரண ஜனங்கள் 12 பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள்தான் ஜூரர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் தன் மீதுள்ள குற்றத்தை மறுத்தால், சாட்சிகள் சொல்வதை இந்த 12 பேரும் கேட்பார்கள். பிறகு தனி அறைக்குப் போய்க் கலந்து பேசுவார்கள். வெளியே வந்து "குற்றவாளி" அல்லது "குற்றவாளி அல்ல" என்று சொல்வார்கள். குற்றவாளி என்றால் என்ன தண்டனை என்பதை மட்டும் நீதிபதி முடிவு செய்வார்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி முறை இருந்தது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை மறக்க முடியுமா? 1945-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டில் நடந்த அந்த வழக்கில், எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான்! பிறகு மேல் விசாரணை நடந்து, 1947-ம் ஆண்டில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

1959-ம் ஆண்டில் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த கொலை வழக்கிலும் ஜூரி இருந்தது. 9 பேரில் 8 பேர் "குற்றவாளி அல்ல" என்றார்கள். அதை ஐகோர்ட்டு ஏற்கவில்லை. 1973-ம் ஆண்டில் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் இல்லாமல் போனது.

ஆனால், இங்கிலாந்தில் அது நிலைத்து நிற்கிறது.

யாருக்குச் சம்மன் வரும்?

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாருக்கும் வரலாம். பட்டியலில் இருந்து கம்ப்யூட்டர் பெயர்களைப் பொறுக்கி எடுக்கிறது. குலுக்கல் சீட்டு மாதிரிதான். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் கிடையாது.

வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும். 13 வயதுக்குப் பிறகு 5 வருடமாவது தொடர்ந்து அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும்.

இதில் ஓர் ஆச்சரியம்! பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்தால்தான் ஜூரர் ஆக முடியும் என்பது இல்லை. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களும், சட்டப்படி அங்கே தங்கியிருந்தால் வாக்காளர் பட்டியலில் சேரலாம். பட்டியலில் பெயர் இருந்தால் ஜூரி சம்மனும் வரலாம். லண்டனில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், இங்கிலாந்துக்காரர் ஒருவரின் வழக்கில் ஜூரராக உட்கார முடியும்!

சம்மன் வந்தால் 7 நாட்களுக்குள் பதில் போட வேண்டும். "பார்க்கவில்லை, மறந்துவிட்டேன்" என்று சும்மா இருக்கக் கூடாது. பதில் அனுப்பாவிட்டாலோ, உரிய நாளில் வராவிட்டாலோ 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். (பவுன் என்பது இங்கிலாந்து நாணயம்.)

எவ்வளவு கிடைக்கும்?

ஜூரி வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால், வருமானம் போனதற்கு ஓர் அளவு வரை ஈடு கொடுக்கிறார்கள். போக்குவரத்துச் செலவு தனி. சாப்பாட்டுச் செலவு தனி.

அந்த "ஓர் அளவு" என்பதில்தான் சிக்கல்!

2020-ம் ஆண்டில் இருந்த கணக்கு இது:

முதல் 10 நாட்களில், ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் கோர்ட்டில் இருந்தால், அதிகபட்சம் 64 பவுன் 95 பென்சு. 4 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அதில் பாதி. 10 நாட்களுக்கு மேல் போனால், முழு நாளுக்கு அதிகபட்சம் 129 பவுன் 91 பென்சு. சாப்பாட்டுக்கு, 10 மணி நேரம் வரை வெளியே இருக்கும் நாளில் 5 பவுன் 71 பென்சு.

ஒரு சலூன்காரரை எடுத்துக்கொள்வோம். செலவு, வரி எல்லாம் போக அவருக்கு ஒரு நாளைக்கு 120 பவுன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

10 நாளில் அவர் இழப்பது 1,200 பவுன்.

10 நாளும் முழு நாளாக இருந்தால், கோர்ட்டு கொடுப்பது அதிகபட்சம் 649 பவுன் 50 பென்சு.

கைநஷ்டம் 550 பவுன் 50 பென்சு!

அதோடு போயிற்றா? கடை மூடியிருந்தாலும் வாடகை கொடுக்க வேண்டும். வழக்கமாக வரும் வாடிக்கைக்காரர் இரண்டு முறை வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தால், மூன்றாவது முறை அடுத்த தெரு சலூனுக்குப் போய்விடுவார். இந்த நஷ்டத்தை எந்தப் பாரத்திலும் எழுதிக் கேட்க முடியாது.

பணமும் உடனே கைக்கு வராது. பொதுவாக ஜூரி வேலை முடிந்த பிறகுதான் பாரம் பூர்த்தி செய்து கேட்க வேண்டும். ஆகவே, அந்த 2 வாரத்துக்கான வீட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் எடுத்து வைக்க வேண்டும்.

தப்ப முடியாது; தள்ளிப் போடலாம்!

"எனக்குக் கடை இருக்கிறது" என்று எழுதிப் போட்டால் விட்டுவிடுவார்களா? பெரும்பாலும் விடமாட்டார்கள். கடுமையான நோய், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் கவனிக்க வேறு ஆள் இல்லாமை போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால்தான் அடியோடு விலக்குக் கிடைக்கும். கடந்த 2 வருடத்துக்குள் ஜூரராக இருந்தவரும் விலக்குக் கேட்கலாம்.

ஆனால், வேறு ஒரு வழி இருக்கிறது. தேதியைத் தள்ளி வைக்கும்படி கேட்கலாம். அடுத்த 12 மாதத்துக்குள் தனக்கு வசதியான 3 தேதிகளைக் குறிப்பிடலாம்.

சொந்தத் தொழில் செய்பவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய உதவி இதுதான். கிறிஸ்துமஸ் மாதத்தில் வியாபாரம் அலைமோதும். ஜனவரியில் கடை ஈ ஓட்டும். டிசம்பரில் சம்மன் வந்த கடைக்காரர் ஜனவரிக்குக் கேட்டால், நஷ்டம் பாதியாகக் குறையும். தோட்டவேலை செய்பவர் குளிர்காலத்துக்குக் கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டாக்சிக்காரர் விடுமுறை நாட்களுக்குக் கேட்கலாம்.

ஆனால், ஒரு தடவைதான் இப்படிக் கேட்க முடியும். காரணத்தை விவரமாக எழுத வேண்டும். ஆகையால், அவசரப்பட்டு ஏதோ ஒரு தேதியை எழுதிவிடக் கூடாது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, "போன வருடம் எந்த மாதம் வியாபாரம் மந்தமாக இருந்தது?" என்று பார்த்து எழுதுவதே புத்திசாலித்தனம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

சம்மன் வந்த நாளுக்கும் கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கும் இடையே உள்ள காலத்தை வீணாக்கக் கூடாது.

முதலாவது, கணக்கு. சொந்தத் தொழில்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. "ஒரு நாளைக்கு இவ்வளவு சம்பாதிக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. அத்தாட்சி வேண்டும். கடைசியாகக் கட்டிய வருமான வரிக் கணக்கு அல்லது ஆடிட்டர் எழுதிக் கொடுக்கும் கடிதம் கைவசம் இருக்க வேண்டும். கணக்கைச் சரியாக எழுதி வைக்காதவர், ஈட்டுத் தொகையைக் கேட்கும்போது திண்டாடுவார்.

இரண்டாவது, வாடிக்கைக்காரர்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கடை காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்திருக்கும்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டால் போதும். காரணம் தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, மாற்று ஆள். குடும்பமாகக் கடை நடத்துகிறவர்களுக்குக் கவலை குறைவு. மனைவியோ, தம்பியோ, வளர்ந்த மகனோ கல்லாவில் உட்காரலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவர், அதே தொழில் செய்யும் நண்பரிடம் அவசர வேலைகளை ஒப்படைக்கலாம். நாளைக்கு அந்த நண்பருக்குச் சம்மன் வந்தால், இவர் கைகொடுக்கலாம் அல்லவா?

நான்காவது, நேரம். கோர்ட்டு பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணி முதல் மாலை 5.30 மணி வரைதான். சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. ஆனால், ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் ஜூரி நாற்காலியில் தூங்கி வழியக் கூடாது. ஒருவருடைய வாழ்வே அந்த 12 பேரின் காதில் இருக்கிறது!

காத்திருக்கும் கூடம்

கோர்ட்டுக்குப் போனவுடன் வழக்கு ஆரம்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜூரர்களுக்கென்று ஒரு கூடம் இருக்கும். அங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். தேவைக்கு அதிகமான பேரைத்தான் அழைக்கிறார்கள். வழக்கு ஆரம்பிக்கும்போது ஒரு கூட்டத்தை உள்ளே அழைத்துப் போய், சீட்டு எடுத்து 12 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர்கள் திரும்ப வந்து காத்திருக்க வேண்டியதுதான்.

சில நாட்களில் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில நாட்களில், "நாளைக்கு வர வேண்டாம்" என்பார்கள். அந்த நேரத்தில் தன் வேலையைக் கவனிக்கலாம்.

வழக்குகளில் மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. பெரிய மோசடி வழக்குகள் அப்படித்தான். லண்டனில் "ஜூபிலி லைன்" சுரங்க ரெயில் பாதை சம்பந்தமான ஒரு மோசடி வழக்கு, 2003-ம் ஆண்டில் ஆரம்பித்து 2005-ம் ஆண்டு மார்ச் வரை நடந்தது. கடைசியில் தீர்ப்பு இல்லாமலே கைவிடப்பட்டது!

இப்படிப்பட்ட வழக்கில் ஒரு சலூன்காரர் உட்கார்ந்தால் சலூன் என்ன ஆகும்? அதனால்தான், நீண்ட வழக்கு என்றால் முன்கூட்டியே ஜூரர்களிடம் விசாரிக்கிறார்கள். "தனி ஆளாகத் தொழில் செய்கிறேன், மாதக்கணக்கில் வந்தால் தொழிலே போய்விடும்" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். நீதிபதி அதைக் கேட்டு முடிவு செய்வார். வழக்கு ஆரம்பித்து 12 பேரில் ஒருவராக உட்கார்ந்த பிறகு சொன்னால் எல்லோருக்கும் தொல்லை.

வாயைக் கட்ட வேண்டும்!

கடைக்காரருக்கும் சலூன்காரருக்கும் இன்னொரு சோதனை காத்திருக்கிறது.

பேச்சுத்தானே அவர்கள் தொழிலில் பாதி? மாலையில் கடையைத் திறந்தவுடன் வாடிக்கைக்காரர் கேட்பார்: "என்ன வழக்கு? அந்த ஆள் செய்திருப்பானா?"

பதில் சொல்லவே கூடாது! மனைவியிடமும் பேசக் கூடாது. ஜூரர்கள் 12 பேரும் சேர்ந்திருக்கும்போது, அவர்கள் தங்களுக்குள்தான் பேசலாம். வழக்கைப் பற்றி இணையதளத்தில் தேடிப் பார்ப்பதும் குற்றம். 2015-ம் ஆண்டில் வந்த சட்டப்படி, அதற்கு 2 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஒரு பெண் ஜூரர், வழக்கில் இருந்து விடுதலையான ஒருவருடன் இணையதளம் மூலம் பேசினார். 2011-ம் ஆண்டில் அவருக்கு 8 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கோர்ட்டில் சாட்சிகள் சொன்னது மட்டும்தான் கணக்கு. கடைவீதிப் பேச்சு கணக்கில் சேராது.

ஏன் விலக்கு இல்லை?

"இவ்வளவு சிரமம் ஏன்? சொந்தத் தொழில்காரர்களை விட்டுவிட்டு, வேலை இல்லாதவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் அழைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு இங்கிலாந்தின் பழைய அனுபவமே பதில்.

ஒரு காலத்தில் அங்கே சொத்து உள்ளவர்கள் மட்டுமே ஜூரர் ஆக முடிந்தது. 1919-ம் ஆண்டில் சட்டம் மாறும் வரை பெண்களுக்குப் பொதுவாக இடம் இல்லை. அதன் பிறகும் சொத்துத் தகுதி இருந்ததால் பெண்கள் அதிகம் வரவில்லை. ஜூரி என்றால் பெரும்பாலும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த நடுத்தர வயது ஆண்கள்தான் என்று டெவ்லின் என்ற புகழ்பெற்ற நீதிபதி 1956-ம் ஆண்டில் குறை சொன்னார். 1972-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், சொத்துத் தகுதியை எடுத்துவிட்டது. வாக்காளர் எல்லோரும் ஜூரர் ஆகலாம் என்று ஆனது.

அப்போதும் சிலர் தப்பினார்கள். டாக்டர்கள் "வேலை இருக்கிறது" என்று விலகிக்கொள்ளலாம். வக்கீல்களும் நீதிபதிகளும் ஜூரராகவே முடியாது. 2004-ம் ஆண்டில் அதுவும் போனது. டாக்டரும் வர வேண்டும். வக்கீலும் வர வேண்டும். நீதிபதிக்கே சம்மன் வரலாம்!

நேரம் இருப்பவர்கள் மட்டும் ஜூரியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ராத்திரி 12 மணிக்குத் தெருவில் என்ன நடக்கும் என்று டாக்சிக்காரருக்குத் தெரியும். கடையில் திருட வந்தவன் எப்படி நிற்பான், தெரியாமல் தடுமாறியவன் எப்படி நிற்பான் என்று கடைக்காரருக்குத் தெரியும். குழாய் ரிப்பேர் செய்பவருக்கு நூறு வீட்டுச் சமையலறை தெரியும். இந்த அனுபவம் எல்லாம் 12 நாற்காலிக்கும் வர வேண்டும் என்பதுதான் ஜூரி முறையின் அடிப்படை.

பட்டினி கிடந்த ஜூரர்கள்

லண்டனில் "ஓல்டு பெய்லி" என்ற புகழ்பெற்ற கோர்ட்டு இருக்கிறது. அங்கே ஒரு கல்வெட்டு உண்டு.

1670-ம் ஆண்டில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் மீது அங்கே வழக்கு நடந்தது. தெருவில் சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டி மதப்பிரசாரம் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பைச் சொல்ல ஜூரர்கள் மறுத்தார்கள். அவர்களை 2 இரவு சோறு, தண்ணீர், நெருப்பு இல்லாமல் பூட்டி வைத்தார்கள். அப்போதும் அவர்கள் மசியவில்லை. அபராதம் போட்டார்கள். எட்வர்டு புஷல் என்ற ஜூரரும் வேறு சிலரும் அபராதம் கட்ட மறுத்துச் சிறையில் கிடந்தார்கள். கடைசியில் தலைமை நீதிபதி வாகன், "தங்கள் மனசாட்சிப்படி தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரர்களைத் தண்டிக்கக் கூடாது" என்று தீர்ப்பளித்து புஷலை விடுவித்தார்.

அந்த ஜூரர்கள் பூட்டிய அறையில் பட்டினி கிடந்தபோது, நஷ்ட ஈடு என்று ஒரு காசு கொடுக்கவும் ஆள் இல்லை. ஜூரர்களின் வருமான நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும் சட்டம் 1949-ம் ஆண்டில்தான் வந்தது.

இன்று ஈடு கிடைக்கிறது. ஆனால், சிறு தொழில் செய்பவருக்கு அது போதவில்லை. முதல் 10 நாட்களுக்கு இருக்கும் உச்சவரம்பு உயர்ந்தால்தான், அழைப்பு வரும்போது அவர் முகம் வாடாது. எல்லோருக்கும் பொதுவான கடமை என்றால், அதன் சுமையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தனி ஆளின் தோளில் மட்டும் ஏற்றலாமா?

அதுவரைக்கும் கடைக்காரருக்குத் துணை மூன்று: உடனே பதில் போடுவது, மந்தமான மாதத்தைத் தேர்ந்தெடுப்பது, கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பது.

10 நாள் வியாபாரம் போனால், பிறகு உழைத்து ஈடுகட்டலாம். கூண்டில் நிற்பவர் குற்றம் செய்யாதவராக இருந்து, அவர் சிறைக்குப் போனால், அந்த வருடங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது!